கேளுங்கள், சொல்கிறோம்: பத்தாம் வகுப்புக் கணிதச் சூத்திரங்கள்

பத்தாம் வகுப்பு பொதுத்தேர்வை எழுதப்போகும் மாணவர்களும் அவர்களது பெற்றோரும் அனுப்பியிருந்த கேள்விகளில், சூத்திரங்களைப் பற்றியவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பதில்களில் ஆங்கில எழுத்துக் குறிகளை வேண்டுமென்றே தவிர்த்து ஆரம், உயரம், பொது விகிதம் என்று சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். வட்டத்தில் ஆரத்தைக் குறிக்கும் அதே எழுத்துதான் பெருக்குத் தொடர்வரிசையில் பொது விகிதமாக வந்து நிற்கிறது. எழுத்தை மட்டும் மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும்.

என் மகள் தினமும் ஒரு மணி நேரம் பார்முலாக்களைச் சத்தம் போட்டுப் படிக்கிறாள். வீட்டில் கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். தேர்வுத்தாளில் மட்டும் மாற்றி எழுதிவிட்டு வருகிறாள். என்ன செய்வது?
*— ஒரு தாய், தேனி*

ஒப்பிக்கும்போது ஒரு வரி அடுத்த வரியை இழுத்துக்கொண்டு வருகிறது. உருளை முடிந்தால் கூம்பு, கூம்பு முடிந்தால் கோளம் என்று வரிசைதான் அவளுக்குப் பாடமாகியிருக்கிறது. தேர்வில் அந்த வரிசை கிடையாது. ‘ஒரு கூடாரத்துக்கு எவ்வளவு துணி வேண்டும்’ என்று நடுவிலிருந்து கேட்பார்கள்.

சத்தமாகப் படிக்கும் அந்த ஒரு மணி நேரத்தைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். ஒரு வெள்ளைத்தாளில் நான்கு பத்திகள் பிரிக்கச் சொல்லுங்கள். முதல் பத்தியில் பெயர், இரண்டாவதில் சிறு படம், மூன்றாவதில் சூத்திரம், நான்காவதில் அது எப்போது செல்லும் என்ற நிபந்தனையும் அலகும். இந்த நான்காவது பத்தியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். முடிவிலித் தொடரின் கூடுதல் ‘முதல் உறுப்பு ÷ (1 − பொது விகிதம்)’ என்பது பொது விகிதம் −1க்கும் 1க்கும் இடையில் இருந்தால் மட்டுமே செல்லும். அந்த வரி இல்லாவிட்டால் சூத்திரமே தப்பாகிவிடும்.

பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, பெயர்ப் பத்தியை மட்டும் வரிசை மாற்றிக் கொடுத்து மற்ற மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். தப்பானதைச் சிவப்பு மையில் திருத்தட்டும். சிவப்பு விழுந்தவற்றை மறுநாளும், அதற்குப் பிறகு மூன்றாம் நாளிலும் ஏழாம் நாளிலும் மறுபடி எழுதட்டும். மூன்று முறை சிவப்பு விழாத சூத்திரத்தை மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். ஒரு நாளைக்கு ஐந்தாறு புதிய சூத்திரங்களுக்கு மேல் வேண்டாம்.

அளவியலில் வளைபரப்பு, மொத்தப் புறப்பரப்பு, கன அளவு மூன்றும் கலந்துபோகின்றன. உருவங்கள் ஆறேழு, ஒவ்வொன்றுக்கும் மூன்று சூத்திரம். எப்படி நினைவில் வைப்பது?
*— மாணவி, ஆரணி*

இருபது சூத்திரங்கள் என்று எண்ணினால் மலைப்பாகத்தான் இருக்கும். உண்மையில் அவை நாலைந்து கருத்துகள்தான்.

முதலில் அலகைப் பாருங்கள். பரப்பில் இரண்டு நீளங்கள் பெருக்கப்பட்டிருக்க வேண்டும், கன அளவில் மூன்று. ‘பை × ஆரம் × சாயுயரம்’ என்பதில் நீளங்கள் இரண்டு, ஆகவே அது பரப்பு. ‘பை × ஆரம்² × உயரம்’ என்பதில் மூன்று, ஆகவே கன அளவு. பை என்பது வெறும் எண், அதை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது. கோளத்துக்கு 4 × பை × ஆரம்² எது, 4/3 × பை × ஆரம்³ எது என்ற குழப்பம் இந்த ஒரே சோதனையில் தீர்ந்துவிடும்.

அடுத்து வளைபரப்பு. உருளை, கூம்பு, இடைக்கண்டம் (கூம்பின் நுனியை அடிக்கு இணையாக வெட்டி எடுத்தபின் மிஞ்சும் தம்ளர் போன்ற உருவம்) மூன்றுக்கும் ஒரே வாக்கியம் போதும்: மேல் சுற்றளவு, கீழ்ச் சுற்றளவு இரண்டின் சராசரியைச் சாய்ந்த உயரத்தால் பெருக்கு. உருளையில் இரண்டு சுற்றளவும் ஒன்றே, சாய்வும் இல்லை. அதனால் 2 × பை × ஆரம் × உயரம். கூம்பில் மேல்முனை வெறும் புள்ளி, சுற்றளவு சுழி. சராசரி எடுத்தால் பாதியாகி, பை × ஆரம் × சாயுயரம். இடைக்கண்டத்தில் பை × (பெரிய ஆரம் + சிறிய ஆரம்) × சாயுயரம். கூம்பு வடிவில் சுருட்டிய கடலைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால் ஒரு வட்டக்கோணப் பகுதி வரும். அதன் ஆரம்தான் கூம்பின் சாயுயரம், அதன் வில்தான் கூம்பின் அடிச்சுற்றளவு.

மொத்தப் புறப்பரப்பைத் தனிச் சூத்திரமாகப் படிக்கவே வேண்டாம். வளைபரப்போடு மூடியிருக்கும் வட்டங்களைக் கூட்டுங்கள். உருளைக்கு இரண்டு வட்டம், கூம்புக்கு ஒன்று, திட அரைக்கோளத்துக்கு ஒன்று. அரைக்கோளத்தில் வளைபரப்பு 2 × பை × ஆரம்², அதோடு ஒரு வட்டம் சேர்ந்தால் 3 × பை × ஆரம்². எங்கள் கருத்தில் ‘மொத்தப் புறப்பரப்பு’ என்ற பெயரே கொஞ்சம் ஆபத்தானது. மேலே திறந்த தம்ளருக்குத் தகடு எவ்வளவு என்று கேட்டால்கூட, ‘மொத்த’ என்ற சொல் மனதில் இருப்பதால் பிள்ளைகள் இரண்டு வட்டத்தையும் சேர்த்துவிடுகிறார்கள்.

அந்தத் தம்ளரையே போட்டுப் பார்ப்போம். மேல் ஆரம் 5 செ.மீ., அடி ஆரம் 2 செ.மீ., உயரம் 4 செ.மீ. சாயுயரம் = √(4² + 3²) = 5. இங்கே 3 எப்படி வந்தது? ஆரங்களின் வித்தியாசம், 5 − 2. அடி வட்டத்தின் விளிம்பிலிருந்து நேராக மேலே ஒரு கோடு வரைந்தால் செங்கோண முக்கோணம் தெரியும். அதன் ஒரு பக்கம் உயரம், இன்னொன்று இந்த வித்தியாசம். வளைபரப்பில் கூட்டல்குறி வருவதால் இங்கேயும் கூட்டி 7 என்று போடுவதுதான் இந்தக் கணக்கில் அதிகம் விழும் தவறு. வளைபரப்பு = 22/7 × 7 × 5 = 110 ச.செ.மீ. அடிவட்டம் 22/7 × 4, ஏறத்தாழ 12.57. ஆகத் தகடு ஏறத்தாழ 122.57 ச.செ.மீ.

இடைக்கண்டத்தின் கன அளவு: 1/3 × பை × உயரம் × (பெரிய ஆரம்² + சிறிய ஆரம்² + இரண்டின் பெருக்கல்). கடைசி உறுப்பு ஒரு முறைதான் வரும். அதை இரண்டு முறை போட்டுக் கூட்டலின் வர்க்கமாக்கிவிடுகிறார்கள். சந்தேகம் வந்தால் இப்படிச் சோதியுங்கள்: இரண்டு ஆரமும் சமம் என்று வைத்தால் அடைப்புக்குள் 3 × ஆரம்² வர வேண்டும், 1/3 அடிபட்டு உருளை கிடைக்கும். இரண்டு முறை போட்டிருந்தால் 4 வரும், உருளை கிடைக்காது. சிறிய ஆரம் சுழி என்று வைத்தால் கூம்பு கிடைக்கும்.

கன அளவுக்கு ஒரு விகிதம் போதும். ஒரே ஆரமும், அந்த ஆரத்துக்குச் சமமான உயரமும் உள்ள கூம்பு, அரைக்கோளம், உருளை மூன்றின் கன அளவுகள் 1 : 2 : 3. கோளம் தன்னைச் சரியாக அடக்கும் உருளையில் மூன்றில் இரண்டு பங்கு. ஆர்க்கிமிடீஸ் தன் கல்லறையில் பொறிக்கச் சொன்னது இந்த உருளையையும் கோளத்தையும்தான்.

விட்டத்தைக் கொடுத்திருக்கும்போது அதையே ஆரமாகப் போட்டுவிட்டால் உருளையின் கன அளவு 4 மடங்காகும், கோளத்தினுடையது 8 மடங்காகும். வினாவைப் படித்தவுடன் ‘விட்டம்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்திலேயே ஆரத்தை எழுதிவிடுங்கள். உருக்கி வார்க்கும் கணக்குகளில் பைக்கு 22/7 போட்டுப் பெருக்கத் தொடங்காதீர்கள், இரு பக்கமும் அடிபட்டுவிடும். 6 செ.மீ. ஆரமுள்ள கோளத்தை உருக்கி 2 செ.மீ. ஆரமுள்ள குண்டுகள் செய்தால் 3 அல்ல, 27 கிடைக்கும்.

பாட்டாகவோ சுருக்கச் சொல்லாகவோ மாற்றிப் படிப்பது நல்லதா?
*— டியூஷன் ஆசிரியை, ராஜபாளையம்*

காரணம் சொல்ல முடியாதவற்றுக்கு நல்லது. முக்கோணவியலில் எந்தப் பக்கம் எதிர்ப்பக்கம், எந்த விகிதத்துக்கு எது மேலே என்பவை பெயரிடும் மரபுகள், அவற்றைப் பாட்டாக்கலாம். காரணம் உள்ளதைப் பாட்டாக்கினால் காரணம் தொலைந்துபோகும்.

நம் பழந்தமிழ்க் கணக்குப் பாடல்களில் வட்டத்தின் பரப்புக்கு, அரைச் சுற்றளவை அரை விட்டத்தால் பெருக்கு என்ற வழி இருக்கிறது. அதுவும் பாட்டுத்தான், ஆனால் படம் அதற்குள்ளேயே இருக்கிறது. வட்டத்தை மெல்லிய துண்டுகளாக நறுக்கி மேலும் கீழுமாக அடுக்கினால் கிட்டத்தட்ட ஒரு செவ்வகம் வரும். அதன் நீளம் அரைச் சுற்றளவு, அகலம் அரை விட்டம். இப்படிப்பட்ட பாட்டாக இருந்தால் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள்.

இருபடிச் சமன்பாட்டுச் சூத்திரம் நன்றாகத் தெரியும். விடை மட்டும் தப்பாகிறது.
*— மாணவர், மன்னார்குடி*

2 × மாறி² − 5 × மாறி − 3 = 0 என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் கெழு 2, நடுக்கெழு −5, மாறிலி −3. இந்த மூன்றையும் குறியோடு தனி வரியில் எழுதாமல் நேராகச் சூத்திரத்துக்குள் போவதுதான் கோளாறு.

தன்மைக்காட்டி = நடுக்கெழு² − 4 × முதல் கெழு × மாறிலி = 25 − 4 × 2 × (−3) = 25 + 24 = 49. மாறிலியின் கழித்தல் குறியை விட்டவர்களுக்கு 25 − 24 = 1 வரும். அதுவும் முழுவர்க்கம் என்பதால் சந்தேகமே வராமல் மேலே போய்விடுவார்கள். அடுத்து, நடுக்கெழுவின் குறியை மாற்ற வேண்டும்: −(−5) = 5. மூலங்கள் (5 ± 7) ÷ 4, அதாவது 3, −1/2.

மூன்றாவது தவறு வகுத்தல் கோட்டில். வர்க்கமூலத்துக்குக் கீழே மட்டும் கோடு போட்டு, முன்னால் இருக்கும் எண்ணை வெளியே விட்டுவிடுகிறார்கள். கோடு முழு நீளத்துக்கும் வர வேண்டும்.

விடையைச் சரிபார்க்க அரை நிமிடம் போதும். மூலங்களின் கூடுதல் = −நடுக்கெழு ÷ முதல் கெழு = 5/2. நம் விடையில் 3 − 1/2 = 5/2. பெருக்கல் = மாறிலி ÷ முதல் கெழு = −3/2. அதுவும் ஒத்துப்போகிறது.

சூத்திரமே மறந்துவிட்டால் ஸ்ரீதராச்சாரியாரின் வழி கைகொடுக்கும். இரண்டாம் பாஸ்கரர் அதை மேற்கோள் காட்டிப் பாதுகாத்திருக்கிறார். மாறிலியை வலப்பக்கம் கொண்டுபோய், இரு பக்கத்தையும் முதல் கெழுவின் 4 மடங்கால் பெருக்கி, இரு பக்கமும் நடுக்கெழுவின் வர்க்கத்தைக் கூட்டினால் இடப்பக்கம் முழுவர்க்கமாகிவிடும். மேலே உள்ள கணக்கில் 8ஆல் பெருக்கி 25ஐக் கூட்டினால் (4 × மாறி − 5)² = 49. பின்னம் எதுவும் வராது என்பது இதன் அழகு.

தொடர்வரிசையில் எத்தனை உறுப்புகள் என்று எண்ணுவதில் எப்போதும் ஒன்று குறைகிறது அல்லது கூடுகிறது.
*— மாணவி, பரமக்குடி*

10 இடைவெளி உள்ள வேலிக்கு 11 கம்பு வேண்டும். கடைசி உறுப்பிலிருந்து முதல் உறுப்பைக் கழித்துப் பொது வித்தியாசத்தால் வகுத்தால் கிடைப்பது இடைவெளிகள். அதோடு 1 கூட்டினால்தான் உறுப்புகள்.

100க்கும் 300க்கும் இடையில் 9ஆல் வகுபடும் எண்களின் கூடுதலைக் கேட்டால், முதல் எண் 108, கடைசி 297. (297 − 108) ÷ 9 = 21, ஆகவே 22 எண்கள். கூடுதல் = 22/2 × (108 + 297) = 4455.

1இலிருந்து தொடங்காத வர்க்கங்களின் கூடுதலிலும் இதே வழுக்கல்தான். 10² முதல் 20² வரை கூட்ட வேண்டுமென்றால் 20 வரையிலான கூடுதலிலிருந்து 9 வரையிலானதைக் கழிக்க வேண்டும்: 2870 − 285 = 2585. 10 வரை கழித்தால் 2485 வரும். தொலைந்த 100தான் அந்த 10².

இந்த வகைச் சூத்திரங்களில் சந்தேகம் வந்தால் 2 உறுப்புகளுக்குப் போட்டுப் பாருங்கள். வர்க்கங்களுக்கு 2 × 3 × 5 ÷ 6 = 5, அதாவது 1 + 4. கனங்களுக்கு (2 × 3 ÷ 2)² = 9, அதாவது 1 + 8. 1ஐ மட்டும் போட்டுச் சோதிக்காதீர்கள். பல தப்பான சூத்திரங்களும் 1க்குச் சரியாகவே வரும்.

முக்கோணவியல் முற்றொருமைகளில் எதில் கூட்டல், எதில் கழித்தல்?
*— மாணவர், செய்யாறு*

ஒன்றைத்தான் படிக்க வேண்டும்: சைன் வர்க்கம் + காஸ் வர்க்கம் = 1. எல்லாவற்றையும் காஸ் வர்க்கத்தால் வகுத்தால் டேன் வர்க்கம் + 1 = செக் வர்க்கம். சைன் வர்க்கத்தால் வகுத்தால் 1 + காட் வர்க்கம் = கொசெக் வர்க்கம். எழுதியது சரியா என்று பார்க்க 45 பாகையைப் போடுங்கள்: டேன் 1, செக் √2. 1 + 1 = 2. இது நினைவைச் சரிபார்க்க மட்டும்தான். ‘நிறுவுக’ என்ற வினாவுக்கு ஒரு கோணத்தைப் போட்டுக் காட்டினால் அது நிறுவல் ஆகாது.

முக்கோணத்தின் பரப்பை முனைகளின் ஆயத்தொலைகளிலிருந்து காணும்போது விடை ஒவ்வொரு முறையும் வேறாக வருகிறதே?
*— மாணவி, கரூர்*

(−2, 1), (3, −1), (4, 5) என்ற புள்ளிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, முதல் புள்ளியைக் கடைசியில் மீண்டும் எழுதுங்கள். அதை மறந்தால் மூன்றாவது பெருக்கல் கிடைக்காது. இறங்கும் பெருக்கல்கள் (ஒரு வரியின் முதல் எண் × அடுத்த வரியின் இரண்டாம் எண்): 2 + 15 + 4 = 21. ஏறும் பெருக்கல்கள் (ஒரு வரியின் இரண்டாம் எண் × அடுத்த வரியின் முதல் எண்): 3 − 4 − 10 = −11. பரப்பு = 1/2 × [21 − (−11)] = 16 சதுர அலகுகள்.

உங்களுக்கு 5 வந்திருந்தால் 21இலிருந்து 11ஐக் கழித்திருக்கிறீர்கள். ஏறும் பெருக்கல்களின் கூடுதலை எப்போதும் அடைப்புக்குறிக்குள் போடுங்கள். விடை −16 என்று வந்தால் புள்ளிகளைக் கடிகாரச் சுற்றில் எடுத்துவிட்டீர்கள் என்று பொருள், எண் சரிதான். சுழி வந்தால் மூன்றும் ஒரு கோடமைந்த புள்ளிகள்.

திட்ட விலக்கத்துக்கு நான்கு சூத்திரங்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா?
*— மாணவர், திருத்துறைப்பூண்டி*

ஊகச் சராசரி முறையை நன்றாகப் படித்தால் மற்றவை அதன் வேறு உருவங்கள்தான். 4, 6, 8, 10, 12 என்ற தரவுக்கு ஊகச் சராசரி 6 என்று வையுங்கள். விலக்கங்கள் −2, 0, 2, 4, 6. கூடுதல் 10, வர்க்கங்களின் கூடுதல் 60. விலக்க வர்க்கச் சராசரி = 60/5 − (10/5)² = 12 − 4 = 8. திட்ட விலக்கம் √8, ஏறத்தாழ 2.83. உண்மைச் சராசரியான 8ஐயே எடுத்திருந்தால் விலக்கங்களின் கூடுதல் சுழியாகி, கழிக்கும் பகுதி காணாமல் போயிருக்கும். வித்தியாசம் அவ்வளவுதான்.

விலக்கங்களை ஒரு பொது எண்ணால் வகுத்துச் சிறிதாக்கும் படி விலக்க முறையில் எதனால் வகுத்தோமோ அதனால் கடைசியில் பெருக்க வேண்டும். பாதிப் பேர் மறப்பது இதைத்தான். திட்ட விலக்கம் வீச்சில் (மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தில்) பாதிக்கு மேல் போகவே முடியாது என்பதையும் மனதில் வையுங்கள். இங்கே வீச்சு 8, எனவே 4க்கு மேல் விடை வந்தால் எங்கோ தவறு.

சூத்திரம் எவ்வளவு படித்தும் ஏறாத பிள்ளைக்கு எங்கே தொடங்கலாம்?
*— ஒரு தந்தை, உசிலம்பட்டி*

இப்போதுள்ள வினாத்தாள் அமைப்பில் 100 மதிப்பெண்ணில் 16, செய்முறை வடிவியலுக்கும் வரைபடத்துக்கும் போகிறது, தலா 8. இரண்டுக்கும் சூத்திரம் அதிகம் வேண்டாம். உதவிப்படம், அளவுகோல், கூர்மையான பென்சில், வரைபடத்தில் அளவுத்திட்டம் எழுதுவது ஆகியவைதான் வேண்டும். அங்கே தொடங்குங்கள். அடுத்து இருபடிச் சமன்பாடு, கூட்டுத் தொடர்வரிசை, பிறகு உருளையும் கூம்பும். இடைக்கண்டத்தையும் திட்ட விலக்கத்தையும் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

எழுதும்போது சூத்திரத்துக்கு ஒரு வரி, எண்களைப் போடுவதற்கு அடுத்த வரி, கணக்கீட்டுக்கு அதற்கடுத்தது என்று பிரித்தே எழுதச் சொல்லுங்கள். திருத்துபவர் படிக்குப் படி மதிப்பெண் போடுகிறார். மூன்றையும் ஒரே வரியில் நெருக்கி எழுதி விடை தப்பிவிட்டால், சூத்திரத்துக்கு உரிய மதிப்பெண்ணைத் தேடிப் பிடிக்க அவருக்கு இடமிருக்காது. பரப்புக்கு ச.செ.மீ., கன அளவுக்கு க.செ.மீ. என்ற அலகையும் கடைசி வரியில் விடாமல் எழுதட்டும். லிட்டரில் கேட்டிருந்தால் 1000 க.செ.மீ. ஒரு லிட்டர்.